ஒரே ஒரு எச்சரிக்கை

அப்பாவின் சட்டைக் காலரை நீவிவிட்டு மேல் பட்டனை மாட்டினாள் பெரியவள். டம்ளரில் சாய்த்து வைத்த செல்போனுக்குள்ளிருந்து, வெளிநாட்டில் படிக்கும் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பட்டன் வேண்டாம். அப்பாவுக்கு மூச்சு முட்டும்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பெரியவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. பட்டனைக் கழற்றினாள்.

போன மாதம் அவளுடைய கல்லூரி உணவகத்தில் பாத்திரம் கழுவும் பெண்களை வேலையைவிட்டு நிறுத்தியபோது, மறியலில் சின்னவளும் உட்கார்ந்தாள். விசாரணைக்கு ஓலை வந்தது. கல்லூரி நீக்கினால் விசா போச்சு. விசாரணைக்கு முன்னால் ஊருக்குக் கிளம்பினால் திரும்பி வர விடமாட்டார்கள் என்றார் வக்கீல். இங்கே அப்பாவின் இதயமோ நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது.

"படிப்பு போனா போகட்டும்ப்பா. நான் வந்துடறேன்."

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் கண்ணைச் சிமிட்டினார். "வந்து என்னைத் தூக்கப்போறியா? அதுக்கு ஆள் இருக்கு. தப்பே பண்ணாதவ எதுக்கும்மா ஓடி வரணும்? உட்கார்ந்த இடத்துலயே உட்காரு."

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. "ஒரே ஒரு எச்சரிக்கைதான்ப்பா! விசாவுக்கு ஒண்ணும் ஆகல! அந்த அம்மாங்களையும் திரும்ப எடுத்துட்டாங்க!"

"ஒண்ணே ஒண்ணுதானா? சங்கத்துல இருந்தப்ப நான் ஒன்பது வாங்கினேன். குடும்ப மானத்தையே வாங்கிட்டியேடி!"

ஆக்சிஜன் குழாய் நழுவ நழுவச் சிரித்தார். அதட்ட வந்த நர்ஸும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பெரியவளிடம் காபி கேட்டு வாங்கி, பாதி குடித்துவிட்டுத் தூங்கினார். எழுந்திருக்கவில்லை.

உத்தரவு எழுத்தில் கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு நகரக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தச் செல்போன்.

அப்பாவின் சங்கத்துக் கூட்டாளிகள் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். நேற்றைய பேச்சைப் பெரியவள் சொல்லிக் கேட்டிருந்த மூத்தவர் போனுக்குள் குனிந்தார். "அம்மாடி, ஒன்பதுன்னா சொன்னாரு? ஏழுதான். ரெண்டு என்னோடது."

சின்னவள் அழுகையினூடே சிரித்தாள். அவள் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த தோழர்களுக்குப் பாஷை புரியவில்லை. ஆனாலும் இங்கே அப்பாவைத் தூக்கியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வேலைக்கு நடுவே ஓடி வந்திருந்த உணவகத்து அம்மா ஒருத்தி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் போனை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ஆட்டாம பிடிக்கா. தலை சுத்துது."

இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, படிகளில் மெதுவாக இறங்கினாள்.