முதுகுள்ள நாற்காலிகள்

தையற்காரிக்கும் முதுகு உண்டு என்னும் உண்மையை எங்கள் ஜீன்ஸ் ஆலை அதன் பதினேழாம் ஆண்டில் கண்டறிந்தது. கண்டறிந்த பெருமை ஒரு தொண்டு நிறுவனத்துக்கும், எங்களிடம் தைத்து வாங்கும் ஓர் ஐரோப்பிய ஆடை நிறுவனத்துக்கும் சமமாக உரியது. இருவரும் கையெழுத்திட்ட அன்று துனீசியாவில் எங்கள் ஊரான மொனாஸ்டிரின் கடற்கரை ஓட்டலில் விருந்து நடைபெற்றது. முதுகுகளுக்கு அழைப்பில்லை.

ஒப்பந்தத்தின் சாரம் இது: நாங்கள் தைக்கும் ஆறாம் லைனுக்கு மட்டும் ஒரு வாரம் முதுகு சாயும் நாற்காலிகள் தரப்படும். உற்பத்தி எட்டு சதவீதம் உயர்ந்தால் அவை நிலைக்கும். உயராவிடில் வந்த லாரியிலேயே திரும்பும். இரக்கத்துக்கும் ஓர் இலக்கு வேண்டுமல்லவா?

என் பக்கத்து மெஷின் ரபீஹாவுக்கு அப்போது ஆறு மாதம். முக்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தபின் என் தோளைப் பற்றித்தான் நிமிர்வாள். நாற்காலி திரும்பிப் போனால் தானும் வேலையை விடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம் ஒன்றுண்டு. புதிய மாடல் வந்து, ஸ்டாப் வாட்சுடன் ஆள் நின்றால், கைகள் தாமாகவே மெதுவாகிவிடும். அன்று கணிக்கப்படும் வேகமே நாளைய டார்கெட். அவ்வாறே, ஒப்பிடுவதற்காக முக்காலியிலேயே வைத்து அளந்த முந்தைய வாரத்தில் புதிய மாடலின் பின்பாக்கெட்டை மணிக்கு ஐம்பது எனத் தைத்துக் காட்டினோம்.

நாற்காலி வந்த காலையில் உடை மாற்றும் அறையில் ரபீஹாவை எச்சரித்தேன்.

“அம்பத்தஞ்சுடீ. நாற்காலி நிலைக்க அது போதும். அதுக்கு மேல போனா நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட மாதிரி.”

“எனக்கேவா மொன்ஜியாக்கா? பன்னெண்டு வருஷமா இந்தக் கை கடிகாரத்தைப் பாத்தாலே நொண்டும்.”

தொண்டு நிறுவனத்தின் இனாஸ், துனிஸிலிருந்து வந்த கனிவான பெண், கடிகாரத்துடன் ரபீஹாவின் பின்னால் நின்றாள். ரபீஹா சாய்ந்தாள். இடுப்பு வலி நின்றது. வலியோடு சட்டமும் மறந்தது. ஏதோ கல்யாணப் பாட்டை முணுமுணுத்தபடி, தன் பிள்ளைக்குத் தைப்பவள் போலத் தைத்தாள். நான் இருமினேன். மீண்டும் இருமினேன்.

“அக்காவுக்குத் தண்ணி குடுங்க,” என்றாள் இனாஸ்.

மணிக்கு எழுபத்திரண்டு.

“அடிப்பாவி!” என்றேன்.

“வலிக்கவே இல்லக்கா... கை அது பாட்டுக்குப் போயிடுச்சு,” என்றாள் ரபீஹா, அழாத குறையாக.

மேலாளர் லுத்ஃபி அழுதேவிட்டார். அவருடையது ஆனந்தக் கண்ணீர்.

“நாப்பத்து நாலு சதவீதம்! முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?”

“பதினேழு வருஷமா சொல்றோம் சார். நாங்க முதுகு வலின்னோம், நீங்க சதவீதத்துல கேட்டீங்க,” என்றேன்.

மாண்பு இலாபகரமானது என்று அறிக்கை தயாராயிற்று. நாற்காலிகள் நிலைத்தன, டார்கெட் எழுபத்திரண்டு ஆயிற்று. ஒரு மணி நேரம் பாடிக்கொண்டே எட்டிய வேகத்தை ஒன்பது மணி நேரமும் எட்டக் குனிந்தே தைக்க வேண்டும். ஆகவே நாற்காலிகளின் முதுகுகள் எவர் முதுகும் படாமல் புத்தம் புதிதாக விளங்கின.

அறிக்கையின் அட்டைக்குப் படமெடுக்க ஒருவர் வந்தார். மெஷின்கள் நிறுத்தப்பட்டன.

“இயல்பா சாஞ்சு உக்காருங்க.”

ரபீஹா சாய்ந்தாள். லைன் முழுவதும் சாய்ந்தது. படம் பதிவாயிற்று.

“தம்பி, நான் கண்ண மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்க,” என்றாள் ரபீஹா.

எடுத்தார்.

“இப்ப நான் மூடிட்டேன்,” என்றேன்.

கடைசி வரிசையில் ஒருத்திக்கு முக்காடு கோணலாம். லுத்ஃபி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவசரப்படுத்தாதீங்க சார், நல்லா வரட்டும்,” என்றாள் இனாஸ்.

ரபீஹா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “அக்கா, இன்னும் எத்தனை பேரு பாக்கி?”

“பத்தொம்பது பேருடீ. நல்லா சாஞ்சுக்கோ.”