பூஜ்யர்

அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, "பூஜ்யரே" என்பார்கள். குரலில் மரியாதை வழியும். விவரம் தெரியாத புதியவர்கள், யாரோ பெரிய பக்திமான் போலும் என்று எழுந்து நின்றதும் உண்டு.

விவரம் எளியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் எழுதிய செயலி, திரையில் படத்துக்கு எத்தனை பிக்சல் அகலம் கிடைக்கும் என்று கைபேசியிடம் கேட்டது. கேள்வி சரி, கேட்ட நேரம் தவறு. செயலி திறக்கும் கணத்தில், எது எங்கே உட்காரும் என்று கைபேசி இன்னும் இடம் பிரித்திருக்காது. அப்போது கேட்டால் பூஜ்யம் என்றுதான் பதில் வரும். வந்தது. படமும் அந்த அகலத்துக்கே சுருங்கிக் காணாமல் போயிற்று. விரிக்காத பாயை அளந்த பூஜ்யர் என்று குழுத்தலைவர் அன்று சூட்டிய பட்டம், இரண்டு ஆண்டுகளாகியும் வெளுக்கவில்லை. ஒருநாள் தலைவர் தொலைபேசியில் அப்படி அழைத்தது அவன் மனைவியின் காதிலும் விழ, "பூஜ்யரே, சாப்பிட வாங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பெயரை இன்னொருவர் தலையில் கட்டினாலொழியத் தனக்கு விடிவில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தான்.

தலை தானாக வந்தது. பயிற்சியில் இருந்த பெண். அங்கே அவனை "அண்ணா" என்று அழைத்த ஒரே ஜீவன். திரைச்சீலைக் கடை ஒன்றுக்கான செயலி அவள் பொறுப்பு: வாடிக்கையாளர் தம் ஜன்னலைப் படமெடுத்தால், அதன்மேல் சீலையைத் தொங்கவிட்டுக் காட்டும். அது தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். கடை முதலாளி பார்வையிட வரும் அன்று காலை, எழுதியதை அவனிடம் கொண்டுவந்து காட்டினாள்.

அவன் கண் நேராக அந்த வரியில் போய் விழுந்தது. அதே கேள்வி, அதே அவசரம். அவள் கைபேசியில் படம் தெரிந்ததெல்லாம், செயலியின் பழைய பதிப்பு அதில் சேமித்துவைத்திருந்த அளவின் தயவால். வேறு கைபேசியில் புதிதாக ஏற்றினால் வெறும் வெள்ளைதான்.

"சரியா இருக்காண்ணா? பயமா இருக்கு."

"ஜம்முனு இருக்கும்மா. தைரியமா போ."

கடை முதலாளி தம் சொந்தக் கைபேசியில் ஏற்றிப் பார்த்தார். வெள்ளை. தேய்த்தார், திருப்பினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலும் இல்லை, சீலையும் இல்லை. மேசையைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது. அதில் ஓங்கி ஒலித்தது அவனுடையது.

"பூஜ்யம்மா வந்தாச்சு," என்றான். பல நாளாக யோசித்துவைத்திருந்த பெயர்.

தலைவர் சிரிக்கவில்லை. முன்கூட்டி யாரிடமாவது காட்டினாயா என்று அவளைக் கேட்டார். அவள் குனிந்து தன் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார்.

"அண்ணாகிட்ட காட்டினேன் சார். சரின்னாரு."

தலைவர் திரும்பினார். "தெரிஞ்சே விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா?"

தெரிந்தே என்றால் வேலை போய்விடும். அவள் நிமிர்ந்து அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் நம்பிக்கை மிச்சமிருந்தது.

"தெரியல சார். கவனிக்கல."

"ரெண்டு வருஷமா அந்தப் பேரைச் சுமந்துமா? வெச்ச பேரு வீண்போகல, பூஜ்யரே."

இம்முறை கடை முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

அவளை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். அவள் வேலை அவன் மேசைக்கு வந்தது. கைபேசி இடம் பிரித்து முடித்த பிறகு கேட்குமாறு அந்த ஒரு வரியை நகர்த்தினான். ஆயிரத்து எண்பது என்று பதில் வந்தது. திரை நிறைய ஒரு ஜன்னல் விரிந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக அவள் தன் வீட்டிலேயே எடுத்த படம்: உடைந்த கண்ணாடிக்குப் பதில் ஒட்டிய அட்டை, அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு சிறுமியின் பாதி முகம்.

"பூஜ்யரே, தெரியுதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"தெரியுது," என்றான் திரும்பாமலே. பிறகு நீலச் சீலை ஒன்றைத் தேர்ந்து, அந்த ஜன்னலின்மேல் இழுத்து மூடினான்.