பதினோராம் அத்தியாயத்தின் மிச்சம்

பழைய புத்தகக் கடைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஏட்டம்மா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ், திருட்டு, கொலை, கைரேகை, சிறைச்சாலை என்று அட்டையில் எது இருந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் அனுபவங்கள், காவலர் பயிற்சிப் பாடநூல், கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் கையேடு, மோப்ப நாய் பராமரிப்பு எல்லாம் என் வீட்டு அலமாரியில் உண்டு. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. மோப்ப நாய் மட்டும் இரண்டு பிரதி. வேறு யாரும் சீண்டமாட்டார்கள் என்று தெரிந்து என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உண்மையில் நான் தேடியது ஒரே ஒரு புத்தகத்தை. மற்றதெல்லாம் கண்துடைப்பு. ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கடைக்காரர்கள் விஷயத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டால் வேறு நாலு புத்தகத்துக்கு நடுவில் செருகி, அக்கறை இல்லாதவள் போல அள்ளிக்கொண்டு வருவேன். எட்டு வருஷத்தில் முப்பத்தோரு பிரதி சேர்ந்திருந்தது. அவற்றை அலமாரியில் வைப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு.

ஐந்நூறு பிரதி அச்சடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த புத்தகம் அது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஒரு காவல்துறை அதிகாரி. முன்பக்கத்தில் பத்துப் பதக்கங்களோடு படம். அதில் பதினோராம் அத்தியாயம் என் அண்ணனைப் பற்றியது. பெயர் போடவில்லை. 'சாவிக்காரன்' என்று எழுதிவிட்டுத் தெருவின் பெயரைப் போட்டிருந்தார். அந்தத் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒரே ஒருவர்தான். பெயரைப் போட்டிருந்தால்கூட யாரோ என்று விட்டிருப்பார்கள்.

நடந்தது இதுதான். ஒரு துணிக்கடையின் இரும்புப் பெட்டியில் பூட்டு இறுகிவிட்டது என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்து கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தப் பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் உள்ளே இருந்தார். பிறகு வழக்கு நடந்து விடுதலை ஆனார். அதிகாரியின் அத்தியாயமோ இப்படி முடிகிறது: 'சாவிக்காரனின் கையில் நானே விலங்கை மாட்டினேன். அந்தப் பூட்டை மட்டும் அவனால் திறக்க முடியவில்லை.' அவ்வளவுதான். அதற்கு மேல் பன்னிரண்டாம் அத்தியாயம், வேறு ஊர், வேறு கொலை.

அந்த இரண்டு வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். அட்டை மட்டும்தான் கிழிந்தது.

புத்தகம் வெளிவந்த பிறகுதான் அண்ணனின் பிழைப்பில் மண் விழுந்தது. வழக்கு நடந்தபோது அவரை நம்பியவர்கள்கூட, அச்சில் வந்ததும் பொய்யா இருக்குமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். சிலர் வராமலே நின்றுவிட்டார்கள். வந்தவர்களும் மாதிரிச் சாவியை அவர் கையில் விடாமல் தாங்களே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வாத்தியார் அம்மா, சாவி ராவிய பித்தளைத் தூளைக்கூடக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு போனார். தூளை வைத்து என் அண்ணன் என்ன சாவி செய்வார் என்று அவருக்கே வெளிச்சம். வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறந்து கொடுங்கள் என்று கூப்பிடுவது அடியோடு நின்றது. அதில்தான் அவருக்கு வருமானமே.

நான் குதித்தபோதெல்லாம், 'விடு. என் பேரை எங்கயும் இழுக்காதே' என்பது ஒன்றுதான் அண்ணனின் பதில். விடுவது என் ஜாதகத்திலேயே கிடையாது. கண்ணில் படுகிற பிரதியையெல்லாம் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், படிக்க ஆள் இல்லாமல் அந்தப் பொய் செத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கண்துடைப்புக்கு வாங்கிய புத்தகங்களை வாங்கிய பாவத்துக்குப் படித்தும் தொலைத்தேன். அப்போது ஒன்று புரிந்தது. இந்த அதிகாரிகள் எல்லோரும் கதையைக் கைதோடு நிறுத்திவிடுகிறார்கள். துரத்தினோம், சுற்றி வளைத்தோம், பிடித்தோம், விலங்கு மாட்டினோம், சுபம். கோர்ட் என்ன சொன்னது என்று ஒருத்தர் எழுதினால் ஒன்பது பேர் எழுதுவதில்லை. கல்யாணத்தோடு படம் முடிகிற மாதிரி இவர்களுக்குக் கைதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. மிச்சத்தை வாழ வேண்டியவர்கள் எங்கள் மாதிரி ஆட்கள்.

நான் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், கோர்ட்டுக்கு நேர் எதிரில். வக்கீல் குமாஸ்தாக்கள்தான் என் வாடிக்கை. அவர்களில் மூத்தவர் ஒருவரைப் பிடித்து, பழைய கட்டுகளைத் துழாவ வைத்து, அண்ணன் வழக்கின் தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் வாங்கினேன். ஆறு பக்கம். அண்ணனிடம் நீட்டினேன். வாங்கவில்லை, வேண்டாம் என்று அரத்தை எடுத்துக்கொண்டார். நகல் என் கடை இழுப்பறையிலேயே கிடந்தது.

இப்படி இருக்கும்போது போன மாதம் பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடைக்காரர் போன் செய்தார். குரலில் பெருமை வழிந்தது. அந்தப் பதக்கக்காரர் புத்தகம் இப்போதெல்லாம் வந்த வேகத்தில் போய்விடுகிறது, ஏட்டம்மா ஒரே ஆள் அத்தனையும் வாங்குகிறார் என்று அவர் அதிகாரியிடமே சொல்லியிருக்கிறார். அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லையாம். இவ்வளவு கிராக்கி என்றால் விட்டுவைப்பானேன் என்று இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்கிறாராம். இந்தத் தடவை இரண்டாயிரம் பிரதி. எல்லாம் உங்க புண்ணியம் என்றார் கடைக்காரர்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷம் கஷ்டப்பட்டு, என் அண்ணன் கழுத்துக்கு நானே இன்னொரு கயிறு திரித்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் செய்கிற முட்டாள்தனம் இது. ஒரு புத்தகத்தை ஒழிக்கிறேன் என்று வாங்கி வாங்கியே அதற்கு மவுசு ஏற்றிவிடுவது. ஆத்திரம் முழுக்க என் மேல்தான்.

மறுநாள் காலையில் தகரப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். ஒளித்து வைத்தால்தானே கிராக்கி, வெளியே விட்டுவிடுகிறேன், ஆனால் முழுசாக விடுகிறேன் என்று முடிவு செய்தேன். தீர்ப்பின் ஆறு பக்கத்தையும் புத்தக அளவுக்குச் சுருக்கி முப்பத்தோரு நகல் எடுத்தேன். அண்ணன் சொல்லியிருந்தாரே என்று, அவர் பெயர் வரும் இடத்தையெல்லாம் கறுப்பு மையால் அடித்தேன். ஒவ்வொரு புத்தகமாக முதுகைப் பிரித்து, பதினோராம் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஆறு பக்கத்தை வைத்துத் தைத்து, பசை போட்டு, அழுத்துப் பலகைகளுக்கு நடுவே வைத்தேன். நான்கு நாள் ஆனது. இருபது வருஷத் தொழிலில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு அந்த அதிகாரியே கடைக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சாயம் போட்ட மீசை, கையில் விலை உயர்ந்த பேனா. என் முகத்தைப் பார்த்தால் யாருடைய தங்கை என்று தெரிந்துவிடுமோ என்று ஒரு நொடி பயந்தேன். தெரியவில்லை. அண்ணன் முகமே அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது.

தன் முதல் ரசிகையைப் பார்க்க வந்திருக்கிறாராம். இரண்டாம் பதிப்புக்கு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், தன்னிடமே ஒரு பிரதிகூட மிச்சமில்லை, ஒன்று தந்தால் புதிய பதிப்பின் நன்றியுரையில் என் பெயரைப் போடுவதாகச் சொன்னார். மூத்த குமாஸ்தா அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரத்தை நகல் எடுக்க வந்து நின்றிருந்தார். எந்த அத்தியாயம் ரொம்பப் பிடித்தது என்று அதிகாரி கேட்டார். பதினொன்று என்றேன். முகம் மலர்ந்தது. பலகைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, அந்த இடத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகத்தான் படித்தார். நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்; தீர்ப்பு 'எதிரி' என்பது அண்ணனை. பெட்டி திறக்கப்பட்ட நாளில் எதிரி வேறு ஊர் மருத்துவமனையில் கதவுப் பூட்டுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அங்குள்ள பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் கையெழுத்தோடு இருக்கின்றன. அந்தப் பதிவேட்டைக் கைப்பற்றிய விசாரணை அதிகாரி அதை வேண்டுமென்றே நீதிமன்றத்திடம் மறைத்திருக்கிறார். இது கண்டனத்துக்கு உரியது. விசாரணை அதிகாரி என்று இவர் பெயர் முழுசாக இருந்தது. அதில் நான் மை அடிக்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு, நான் யார் என்று கேட்டார். சொன்னேன்.

"கோர்ட்டு விட்டுட்டா அவன் யோக்கியன்னு ஆயிடுமா? எத்தனை பேரைப் பாத்திருக்கேன் நான்."

"நீங்க பிடிச்சிட்டா அவர் திருடன்னு ஆயிடுமா சார்?" என்றேன். நிறுத்தாமல் மேலே பேசினேன். "நீங்க எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட நான் தொடல. நீங்க விட்டுட்டதைச் சேத்திருக்கேன், அவ்வளவுதான்."

தன் புத்தகத்தைச் சிதைத்துவிட்டதாகப் புகார் கொடுப்பேன், என்னிடம் இருக்கிற பிரதி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய வைப்பேன் என்று குரலை உயர்த்தினார். ஒரு காலத்தில் அந்தக் குரலுக்கு எத்தனை பேர் நடுங்கியிருப்பார்களோ. நான் படித்த இருநூற்றுச் சொச்சம் புத்தகம் அப்போதுதான் கைகொடுத்தது.

"தாராளமா குடுங்க சார். புகாரோட அந்த ஆறு பக்கத்தையும் சேத்துத்தான் குடுக்கணும், இல்லேன்னா எதைச் சேத்தேன்னு எப்படிச் சொல்லுவீங்க? நகல் நானே எடுத்துத் தரேன். ஸ்டேஷன்ல எல்லாரும் படிக்கட்டும். ரெண்டாம் பதிப்பு போட்டாலும் கொண்டாங்க, ரெண்டாயிரத்துக்கும் தச்சுத் தரேன்."

குமாஸ்தா இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியிறங்கிப் போய்விட்டார். பிரதியை எடுத்துக்கொள்ளவில்லை. குமாஸ்தாவின் பத்திரத்தை மெஷினில் வைத்தேன்.

குமாஸ்தாக்களிடம் ஒரு விஷயம் அகப்பட்டால் தபால் தந்தி எதுவும் தேவையில்லை. நான் அண்ணனிடம் போய்ச் சொல்வதற்கு முன்பே, சாயங்காலம் அவரே கடை வாசலில் வந்து நின்றார். என்னைத் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடுக்கி வைத்திருந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து, நின்றபடியே ஆறு பக்கத்தையும் படித்தார். தீர்ப்பு சொன்ன அன்றைக்குக் கூண்டில் நின்றவருக்கு 'விடுதலை' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்திருக்கிறது. காரணம் இத்தனை இருப்பது அவருக்கு இந்தச் சாயங்காலம் வரை தெரியாது. நான்காம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மருத்துவமனையில் பதினேழு கதவு என்று மெல்லச் சொன்னார்.

"இதென்ன நடுநடுவுல கறுப்பா இருக்கு?"

"உன் பேரு. நீதானே இழுக்காதேன்னு சொன்னே."

அந்த மைக்கோட்டை விரலால் தொட்டார். "திருடன்னு எழுதின பக்கத்துல ஊருக்கே நான் யாருன்னு தெரியுது. திருடலன்னு எழுதின பக்கத்துல மட்டும் நான் யாரோவா?"

அவர் கையை நீட்டினார், பேனாவைக் கொடுத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் புத்தகத்தை மடியில் வைத்து, மைக்கோட்டுக்கு மேலே அப்பா பெயரோடு சேர்த்துத் தன் முழுப்பெயரையும் எழுதினார். அடுத்ததை எடுத்தார். நான் ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தேன், அவர் எழுதிக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை.

முப்பத்தொன்றும் முடிந்தது. மூடி அடுக்கலாம் என்று கை வைத்தேன், இரு என்றார். மறுபடி முதல் புத்தகத்திலிருந்து தொடங்கி, தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் நீதிபதியின் கையெழுத்துக்குக் கீழே இருந்த காலி இடத்தில் தெருப் பெயர், கடை எண், போன் நம்பர் எல்லாம் எழுதினார். அதற்கும் கீழே, போர்டு எழுதுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக ஒரு வரி: 'பூட்டு, சாவி, பீரோ வேலைகள். வீட்டுக்கே வந்து திறந்து தரப்படும்.'