ஏழாம் மாடியில் நின்ற தண்ணீர்

தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில், ஏழாம் மாடி மூலை வீட்டில், ஆகஸ்டு மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை நான்கு பத்துக்கு, மூன்றடி நீள மீன்தொட்டியின் கண்ணாடி நான்கு பக்கமும் உடைந்து விழுந்தது. தண்ணீர் விழவில்லை. தொட்டி இருந்த மேசையின்மேல், தொட்டி இருந்த அளவுக்கே, மூலைகூட மழுங்காமல் நின்றது. மீன்கள் உள்ளே நீந்திக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் ஜெயரத்தினம், புது மனைவி உமாமகேஸ்வரியின் துணிகளுக்கென்று வாங்கிவந்த சின்ன அலமாரியைக் கூடத்தில் எங்கே வைப்பது என்று நகர்த்திப் பார்த்ததில் அதன் முனை கண்ணாடியில் இடித்துவிட்டது. உமாமகேஸ்வரி துடைப்பம் எடுத்துவந்து சில்லுகளைக் கூட்டினாள். அவர் அளவு நாடா எடுத்துவந்து தண்ணீரை அளந்தார். நீளம், அகலம், உயரம் மூன்றும் சரியாக இருந்தன. முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவர். சரியாக இருக்கும் ஒன்றைப் பற்றி மேற்கொண்டு கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வடிகட்டிக் குழாயை மாட்ட விளிம்பு இல்லையே என்று சற்று யோசித்தார்; பிறகு தண்ணீரின் விளிம்பிலேயே மாட்டினார். அது தாங்கியது.

இருவருக்கும் அது இரண்டாவது கல்யாணம். உமாமகேஸ்வரிக்கு ஐம்பத்து நான்கு வயது. பேருந்து ஓட்டுகிறவள். முதல் கணவன் விட்டுப்போய்ப் பதினெட்டு வருடமாகியிருந்தது. அதில் வருத்தம் என்று எதுவும் மிச்சமில்லை. ஜெயரத்தினத்துக்கு அறுபத்து மூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பிறந்தது செம்பவாங்கில். மனைவி சிவதர்ஷினி இறந்து நான்கு வருடம். செவ்வாய்க்கிழமைதோறும் மீன்தீனி வாங்கக் கிளமெண்டிக்குப் போகையில் உமாவின் பேருந்தில் ஏறுவார். பயண அட்டையைத் தட்டிவிட்டு 'வணக்கம்' என்று சொன்ன ஒரே பயணி அவர்தான். அவளும் வீட்டில் கப்பி மீன் வளர்க்கிறாள் என்று தெரியவந்த அன்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்க மறந்து கடைசி நிறுத்தம்வரை போனார். ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. அவர் தம் குடும்ப வழக்கப்படி அவளை 'நீர்' என்று அழைத்தார். 'நீர் எங்க போறீர்?' என்று அவர் கேட்கும்போதெல்லாம், முதல் வாரம் முழுக்க, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவள் நினைத்தாள்.

ஜாதகம் பார்க்கவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள்: ஏர்கானை எத்தனை டிகிரியில் வைப்பது, காலையில் முதலில் குளிப்பது யார், மீன்குழம்பில் தேங்காய்ப்பால் உண்டா இல்லையா. மீன்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. கூடத்தில் ஒரு தொட்டிக்குத்தான் இடம். ஆகவே உமாவின் ஏழு கப்பிகளும் ஐந்து நியான் மீன்களும் ஜெயரத்தினத்தின் தொட்டியில் குடியேறின. அங்கே ஏற்கெனவே துரை இருந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, வால் மட்டும் குங்குமச் சிவப்பு. கடைக்காரர்கள் சிவப்புவால் சுறா என்பார்கள். சுறாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கெண்டை வகை. ஆனால் பெயரைக் கேள்விப்பட்டு அதை நம்பிவிட்டதுபோலத்தான் நடந்துகொள்ளும். கட்டைவிரல் நீளத்தில் அதை வாங்கிவந்து துரை என்று பெயர் வைத்தது சிவதர்ஷினி.

கண்ணாடி உடைந்தபிறகுதான் ஒன்று தெரிந்தது. துரை ஒரு கப்பியை விரட்டினால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் தளர்ந்து ஒரு குவளை அளவு சரிந்தது. சரிந்தது தரையில் தங்காமல் ஓட்டிடுக்கு வழியாக ஆறாம் மாடிக்கு இறங்கியது. அங்கே பூவம்மா தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபது வயது, எதற்கும் பதறாதவர். முதல் நாள் ஒரு வாளி வைத்தார், இரண்டாம் நாள் இன்னொன்று. மூன்றாம் நாள் படியேறி வந்து, நிற்கும் தண்ணீரை மேலும் கீழும் பார்த்தார்.

"உமா, உங்க வீட்டுச் சண்டை எங்க வீட்டுல சொட்டுது" என்றார்.

அவர் கொடுத்த புகாரின் பேரில் நகர மன்றத்திலிருந்து நிதீஷ் என்ற இளைஞர் வந்தார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார், ஈரமாக இருந்தது. கையிலிருந்த கருவியில் கசிவுக்குக் காரணம் என்ற இடத்தில் குழாய், குளியலறை, ஏர்கான் என்று மூன்றுதான் இருந்தன; நெடுநேரம் தேடி 'மற்றவை' என்பதைத் தட்டினார். கண்ணாடி இல்லாதது விதிமீறல் இல்லை என்றும், சொட்டுவதுதான் விதிமீறல் என்றும் விளக்கினார். பதினான்கு நாளில் சரிசெய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, கைதுடைக்க ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

துரையைக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் உமா. கப்பிகளைக் கொடுத்துவிடலாமே என்றார் ஜெயரத்தினம். கப்பிகள் பதினோரு வருடமாகத் தன் வீட்டிலேயே குட்டிபோட்டுப் பெருகிய வம்சம் என்றாள் அவள். அப்போது அவர், சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார்: "துரை இங்க முதல்லயே இருந்தவன்."

உமா கூடத்து மூலையில் நின்ற சின்ன அலமாரியைப் பார்த்தாள். அதில் அவளுடைய சீருடைகள் நான்கு மட்டும் இருந்தன. மற்ற துணிகள் இன்னும் இரண்டு பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடந்தன, ஏனென்றால் படுக்கையறை அலமாரி நிறையச் சிவதர்ஷினியின் சேலைகள். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. ஏர்கானின் டிகிரியைக்கூட இருவரும் ஜாடையில் முடிவு செய்தார்கள். நான்காம் நாள் மதியம், உமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கையில், துரை ஒரு கப்பியின் வாலைக் கிழித்தது. தண்ணீரின் முன்பக்கம் முழுதும் ஒரே மூச்சில் தளர்ந்து, பாதித் தண்ணீர் கூடத்தில் கொட்டியது. நியான்கள் மூன்று தரையில் துள்ளின. சீருடையோடு மண்டியிட்டு உமா இரண்டைக் கையில் அள்ளி, நின்றிருந்த மீதித் தண்ணீருக்குள் விட்டாள். மூன்றாவதைத் தேடித் தேடி, கடைசியில் ஜெயரத்தினத்தின் இடது செருப்புக்குள் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. கீழே பூவம்மாவின் தொலைக்காட்சி நனைந்து அணைந்த சத்தம் மேலே கேட்டது.

உமா அன்று விடுப்புச் சொன்னாள். இருவரும் தரையைத் துடைத்தார்கள். பாதி துடைத்திருக்கையில் அவர் துணியைக் கையில் வைத்தபடியே பேசத் தொடங்கினார். சிவதர்ஷினி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்தில், இவர் உள்ளே நுழைந்ததும் தினமும் ஒரே கேள்விதான்: துரை சாப்பிட்டானா. கடைசி நாளும் அதேதான்.

"என்னைப் பத்திக் கேக்கேல்லை, உமா. அவனைத்தான் கேட்டவ" என்றார். ஒரு மீன்மேல் நான்கு வருடமாகப் பொறாமை என்று வெளியே சொல்ல வெட்கம், அதைக் கொடுத்துவிடவும் மனம் வரவில்லை.

உமா துணியை வாளியில் பிழிந்தாள்.

"இன்னைக்குச் சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

இல்லை என்றார். அவள் எழுந்துபோய்த் தீனி போட்டாள்.

அடுத்த நாள் அவளுக்கு ஓய்வு. கிளமெண்டிக்குப் போய் முகம்மது யூசுப்பின் மீன்கடையில், யாரை வெளியேற்றுவது என்று கேட்காமல், துரையோடு யார் இருக்கமுடியும் என்று கேட்டாள். கண்ணாடி இல்லாத விஷயத்தையும் சொன்னாள். அப்படியானால் மூடி வாங்கவேண்டாம், காசு மிச்சம் என்றார் யூசுப். பிறகு, கல், மறைவிடம் எல்லாம் எத்தனை, துரை எந்தப் பக்கம் படுக்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"அவன் கெட்டவன் இல்ல லா அக்கா. இடம் போயிடுமோன்னு பயம், அவ்வளவுதான்" என்றார்.

துரை அடித்தண்ணீர்க்காரன், ஆகவே மேல்தண்ணீரில் திரிகிற, குட்டைத் துடுப்புள்ள, வேகமான மீன்கள்தான் அதற்குச் சரி. சீப்ரா டேனியோ எட்டு. ஒன்றிரண்டு வாங்கினால் அடிபட்டுச் சாகும். கூட்டமாக இருந்தால் யாரை விரட்டுவது என்று துரைக்கே குழம்பிப்போகும். நியான்கள் ஐந்து போதாது, பன்னிரண்டாக்கவேண்டும். கூட்டம் இல்லாத நியான் பயத்திலேயே வெளுத்துவிடும். கப்பிகள் மட்டும் கூடாது. நீள வால், ஆடி அசைந்து நடை; துரையின் கண்ணுக்கு அது அழைப்பிதழ். உமா அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பேருந்தில் பயணியாக உட்கார்ந்து திரும்பிவந்தாள். மடியில் டேனியோக்கள் ஒரு பையிலும் நியான்கள் ஒரு பையிலும் ஆடின. வழியெல்லாம் அவள் கப்பிகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கப்பிகளைப் பூவம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் வீட்டில் வாளிகள் தயாராகவே இருந்தன. கெட்டுப்போன தொலைக்காட்சிக்குப் பதிலாகப் பார்க்க ஏதாவது வேண்டுந்தானே என்று சொல்லி, பூவம்மா அவற்றை வாங்கிக்கொண்டார். தொலைக்காட்சியை ஜெயரத்தினம் மறுவாரமே புதிதாக வாங்கிக்கொடுத்தார். ஆனாலும் பூவம்மா கப்பிகளைத் திருப்பித் தரவில்லை.

யூசுப் சொன்னபடி துரையை ஒருநாள் தனி வாளியில் விட்டார்கள். பக்கவாட்டிலிருந்தே தண்ணீருக்குள் கைவிட்டு, கற்களை இடம் மாற்றி, துரை படுக்கும் மண்சட்டியின் வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். முழங்கை வரைதான் நனைந்தது. குவளை குவளையாக ஊற்ற ஊற்றத் தண்ணீர் பழைய உயரத்துக்கு ஏறி, ஓரம் நேராயிற்று. முதலில் நியான்கள், பிறகு டேனியோக்கள், மறுநாள் கடைசியாகத் துரை. வீடு அடையாளம் தெரியாமல் அது ஒரு மணி நேரம் சுற்றியது. டேனியோக்களை விரட்டியது, ஒன்றும் அகப்படவில்லை. களைத்துப்போய்ச் சட்டிக்குள் நுழைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டது. ஒரு துளி சிந்தவில்லை. உமா நிமிர்ந்தபோது ஜெயரத்தினம் கூடத்தில் இல்லை. படுக்கையறையில் அலமாரியின் வலதுபக்கத்தை முழுவதும் காலி செய்து, சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. உமா கட்டிலுக்கடியிலிருந்து தன் பெட்டிகளை இழுத்தாள். சின்ன அலமாரி வாசலுக்குப் போய்ச் செருப்பு வைக்க உதவியது.

பதினான்காம் நாள் நிதீஷ் வந்து, 'மற்றவை சரிசெய்யப்பட்டது' என்று பதிந்துகொண்டு போனார். எதற்கும் இருக்கட்டும் என்று ஜெயரத்தினம் வரவழைத்த புதுத் தொட்டியை நிற்கிற தண்ணீருக்கு எப்படி மாட்டிவிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை; அதில் வெங்காயம் போட்டு வைத்தார்கள். தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் முதல் வருடம் தண்ணீரைப் படமெடுத்தார்கள், இரண்டாம் வருடம் முறுக்குத் தட்டை அதன் பக்கத்தில் வைத்தார்கள், மூன்றாம் வருடம் மீன்கள் நன்றாக வளர்ந்திருப்பதாக மட்டும் சொன்னார்கள். ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிறு காலை துரை வயதாகி இறந்தது. தண்ணீர் இனி நிற்காது என்று நினைத்து, கணவனும் மனைவியும் துடைப்பான்களோடு மதியம்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அது அசையவில்லை. உமா எழுந்துபோய்ச் சோறு வைத்தாள். ஜெயரத்தினம் அன்று சாப்பிடுகையில், மீன்குழம்பு வேண்டாம் என்று ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் புளோக் முழுக்கத் தரை ஓடு மாற்றும் வேலை நடந்தது. குத்தகைக்காரரின் ஆள் ஸைஃப், வீடு வீடாகக் கூடத்துச் சாமான்களைக் குறித்துக்கொண்டு வந்தான். அங்கே சோபா ஒன்று, மேசை இரண்டு, தண்ணீர் ஒன்று என்று எழுதினான். தண்ணீர் யாருடையது என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான். ஜெயரத்தினம் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல், அவவுடையது என்றார். உமாமகேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். வேலையாட்கள் அதை நகர்த்தாமல், சுற்றிலும் ஓடு பதித்துவிட்டுப் போனார்கள்.