முதல் நாள் மெதுவாக

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்குவாள். ஓரம் ஒரு விரல் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிப்பாள். எதையும் கணக்குப் போட்டே செய்கிறவள் என்று அங்கே அவளுக்குப் பெயர். கடைசியில் அந்தக் கணக்குதான் காலை வாரிவிட்டது.

மகளுக்குப் பதினெட்டு முடியப் போகிறது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அறிவு வளர்ச்சி ஏழு வயதோடு நின்றுவிட்டது என்று டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் வந்த வருஷமே அப்பா நைசாகக் கழன்றுகொண்டார். பாப்பாவின் கால்கள் மட்டும் அந்தக் காகிதத்தைச் சட்டை செய்யவில்லை. பள்ளி மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் போதும், டீச்சர் விசில் அடித்து அடித்துத் தொண்டை வறண்டுபோவார்.

சிறப்புப் பள்ளியில் பதினெட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் பிறகு? அம்மா காலை ஏழு மணிக்குப் போனால் திரும்ப மாலை ஐந்தாகும். வீட்டில் வேறு நாதியில்லை. வெளியே பூட்டிவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. 

ஒரே ஒரு வழி இருந்தது. பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருகிறவருக்குப் பயிற்சி மையத்தில் ஒரு வருஷம் இடம் கிடைக்கும். காலையில் வேன் வந்து அழைத்துப்போய் மாலையில் கொண்டுவந்து விடும். வயது பார்க்க மாட்டார்கள்.

அதைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான், அதே பள்ளியில் இரும்புக் குண்டு எறியும் போட்டிக்குப் பழகும் பையன் ஒருவனின் தாயான கண்ணாடிக்கார அம்மா, பள்ளி வாசலில் இவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இந்தப் போட்டியில நெளிவு சுளிவு இருக்கு, தெரியுமா? முதல் நாள் எல்லாரையும் ஓடவிட்டு நேரம் எடுப்பாங்க. அதை வச்சுத்தான் பிரிவு பிரிப்பாங்க. வேகமா ஓடுறவங்க ஒண்ணா, மெதுவா ஓடுறவங்க ஒண்ணா. முதல் நாள் உங்க பொண்ணு கொஞ்சம் அசமந்தமா ஓடினான்னு வைங்க, மறுநாள் ஆமைங்களோட ஓடலாம். அப்புறம் யாரால பிடிக்க முடியும்?"

கண்ணாடிக்கார அம்மாவுக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதியை அவளும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம், வேலை முடிந்து வந்ததும் தெருக்கோடிச் சுவரோரம் பாடம் நடந்தது. மெதுவாக ஓடுவது பாப்பாவுக்குப் பிடிபடவேயில்லை. நாலடி வைத்ததும் கால் பறக்கும்.

"மெதுவா, கண்ணு. தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு ஓடுற மாதிரி."

"ஏம்மா?"

"முதல் நாள் மெதுவா. மறுநாள் வேகமா. அப்பதான் வேன் வரும்."

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு பழகினாள். பத்தாவது நாள் பிசகில்லாமல் ஓடினாள். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சூதைக் கற்றுக்கொடுத்த பூரிப்பில் அம்மா அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பிற்பாடு அந்த முத்தத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

போட்டியின் முதல் நாள், நூறு மீட்டர். பாப்பா இருபத்தொன்பது விநாடியில் வந்தாள், நடுவில் அம்மாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே. டீச்சர் நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு இவளுக்கு? உடம்பு சரியில்லையா?"

"சரியாத் தூங்கல டீச்சர்," என்றாள் அம்மா, கண் இமைக்காமல். பாப்பாவைக் கடைசிப் பிரிவில் போட்டார்கள்.

மறுநாள் விசில் ஊதியதும் பாப்பா பறந்தாள். மற்றவர்கள் முக்கால் தூரம் வருவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டி, அப்படியும் நிற்காமல் வேலி வரைக்கும் ஓடினாள். இருபத்தொரு விநாடி. அம்மா தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வேன் வந்து வாசலில் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

பாப்பாவின் பேரைப் படிக்கவில்லை. இரண்டாவதாக வந்த பெண்ணை முதல் என்று படித்தார்கள்.

அம்மா மேசைக்கு ஓடினாள். அங்கே இருந்த நடுவர் பொறுமையான மனுஷர். விதிப்புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். முதல் நாள் நேரத்தைவிட நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வேகமாக ஓடினால் ஓட்டம் செல்லாது. முதல் நாளே முழு மூச்சாக ஓட வேண்டும் என்பதற்காக வைத்த விதி.

"வேகமா ஓடினது ஒரு குத்தமாய்யா?"

டீச்சர் குறுக்கே வந்தார். "சார், நேத்து பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. ராத்திரி தூங்கவே இல்லையாம். நான் எழுதித் தர்றேன்."

நடுவர் பாப்பாவின் பக்கம் குனிந்தார். "நேத்து ஏன்மா மெதுவா ஓடினே? உடம்பு முடியலையா?"

பாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். இரண்டு வாரமாகப் படித்த பாடத்தில் இப்போதுதான் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்.

"அம்மா சொன்னாங்க. முதல் நாள் மெதுவா. நான் சரியா ஓடினேன்!"

குட்டு உடைந்தது. டீச்சர் எடுத்த பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து நேரம் குறித்த தாளை எடுத்துப் பிரித்தார். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று அம்மா நினைத்தாள்.

"நேத்து இதே ஓட்டம் ஓடியிருந்தா இரண்டாவது பிரிவுல போட்டிருப்பாங்க," என்றார் டீச்சர். "இன்னைக்கு அதுல முதல்ல வந்த பொண்ணு இருபத்திரண்டு விநாடி. நம்ம பாப்பா இருபத்தொண்ணு."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே இவளால முடியாதுன்னு சொல்லும். எனக்குப் பழகிப்போச்சு. நீங்களுமா அப்படி நினைச்சீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் அது உண்மை. மகள் நியாயமாக ஓடி ஜெயிப்பாள் என்று அவள் ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்கவில்லை. பாப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுத்த நீல ரிப்பனை ஜன்னல் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று மாதத்தில் பள்ளி முடிந்தது. முதல் திங்கட்கிழமை அம்மா சோறு, தண்ணீர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு வெளியே பூட்டினாள். அன்றைக்குச் சலவைக்கூடத்தில் விரிப்புகளைக் கோணலும் மாணலுமாக மடித்தாள். மேற்பார்வையாளர் வேறொருத்தியைச் சரிசெய்யச் சொன்னார்.

சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே மேலே திமுதிமுவென்று சத்தம். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பாவம், புரியுதும்மா. ஆனா காலையிலேருந்து தலைக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டுல நோயாளி படுத்திருக்காங்க. இப்படியே போனா வீட்டுக்காரர்கிட்டதான் சொல்ல வேண்டியிருக்கும்."

அம்மா பூட்டைத் திறந்தாள். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. பாப்பா ஷூ போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த பத்தடி இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். சுவரில் மோதித் திரும்பித் திரும்பி இரண்டு உள்ளங்கைகளும் சிவந்திருந்தன. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, பாரு! வேகமா! வேன் வந்துச்சா?"

அவள் ஓட்டத்தை அம்மா இரண்டு சுற்று பார்த்தாள். என்ன அழகான ஓட்டம்! கீழ்வீட்டில் கம்பால் கூரையை இடித்தார்கள்.

"போதும், கண்ணு. உக்காரு."

பாப்பா சட்டென்று நின்றாள். கட்டிலில் ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம்மா உக்காரணும்?"

அம்மா தரையில் முட்டி போட்டு அவள் ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.