முறுக்கின் முட்டைகள்

"டாடி, கம் ஃபாஸ்ட்!" என்று ஜோவானா மாடியிலிருந்து கத்தியபோது கிருபைராஜ் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தான். குரலில் இருந்தது பயமா குதூகலமா என்று பிரிக்க முடியவில்லை. பத்து வயதில் இரண்டுக்கும் ஒரே சுருதிதான். அடுப்பை அணைத்துவிட்டு, தோசைக் கரண்டி கையிலிருப்பதையே மறந்து படியேறினான்.

அவள் தரையில் குப்புறப் படுத்து மூக்கைக் கண்ணாடித் தொட்டியோடு ஒட்டிவைத்திருந்தாள். உள்ளே முறுக்கு வலது மூலையில் நின்று முன்னங்கால்கள் இரண்டாலும் மாறி மாறிப் பறண்டிக்கொண்டிருந்தது. அடியில் விரித்திருந்த பேப்பர் டவல் நார்நாராகக் கிழிந்து கிடந்தது. சற்று நின்று மூச்சு வாங்கும். பிறகு எதையோ தொலைத்துவிட்டதுபோல மறுபடியும் தோண்டும்.

முறுக்கு ஒரு லெப்பர்ட் கெக்கோ. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வரி வரியாகத் தடித்த வால். அந்த வாலைப் பார்த்துத்தான் ஜோவானா பெயர் வைத்தாள். வீட்டுப் பல்லிபோல இது சுவரேறாது. இதற்கு இமைகள் உண்டு, கண்ணை மூடித் தூங்கும். இதையெல்லாம் மகள் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் கிருபைராஜுக்கு அது பல்லிதான். நாகர்கோவிலில் ஆறு வயதில் சட்டைக் காலருக்குள் ஒரு பல்லி விழுந்து முதுகில் ஓடிய ஈரம் முப்பத்தைந்து வருடம் கழித்து டெக்சாஸிலும் அவனுக்கு நினைவிருந்தது. ஆறு வாரத்துக்கு முன் ஆபீஸ் நண்பன் ஸ்ரீநிவாசனுக்கு மிட்லண்டுக்கு மாற்றலானது. அவன் மகன் ஒரே தொட்டியில் வளர்த்த இரண்டு கெக்கோக்களை இரண்டு வீட்டுக்குக் கொடுத்தார்கள். "ரெண்டும் அண்ணன் தம்பி, ராஜ். பரம சாது" என்றான் ஸ்ரீநிவாசன். கிருபைராஜ் வாயைத் திறப்பதற்குள் கிருபாராணி "எங்களுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டாள். அவள் பிரசவ வார்டில் நர்ஸ். அவளுக்கு எந்த உயிரைத் தொடுவதிலும் அருவருப்பு கிடையாது.

அவள் இருந்தவரை எல்லாம் சரியாக நடந்தது. இரண்டு வாரத்துக்கு முன், அவள் அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று ஊருக்குப் போனாள். ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்த தாளில் மூன்றாவது வரி: பூச்சிகளைக் கால்சியம் பவுடரில் புரட்டிவிட்டுப் போடவும். அதன் கீழே இரண்டு கோடு.

"ஹி ஹாஸ்ன்ட் ஈட்டன் சின்ஸ் ட்யூஸ்டே" என்றாள் ஜோவானா.

"சூடு ஜாஸ்தியா இருக்குமோ மக்ளே?"

முறுக்கு கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி, எட்டிப் பார்ப்பதுபோல நிமிர்ந்து நின்றது. அதன் வயிறு முழுக்க அவர்களுக்குத் தெரிந்தது. தோல் மெல்லியது, லேசான ரோஜா நிறம். அந்தத் தோலுக்குள், பக்கத்துக்கு ஒன்றாக, நீளவாக்கில் இரண்டு வெண்மையான உருவங்கள்.

ஜோவானா எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிறகு வீடே அதிரும்படி வந்தது.

"டாடி! ஹி இஸ் அ ஷி! தோஸ் ஆர் எக்ஸ்!"

கிருபைராஜ் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அத்தனை நெருக்கத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்லை. இரண்டு முட்டைகள். அந்தச் சின்ன உடம்பில் எப்படி அடங்கின என்று தெரியாத அளவுக்குப் பெரியவை. மகள் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், ஏன் சிரிக்கிறான் என்று தெரியாமலே. "அண்ணன் தம்பியாம்ல" என்றான். அவளுக்குப் புரிந்து மறுபடி ஒருமுறை கத்தினாள்.

ஊர்வனவற்றுக்கென்று ஹூஸ்டனில் இருக்கும் ஒரு டாக்டருக்கு மெசேஜ் வைத்தார்கள். தோசை ஆறிப்போவதற்குள் அந்த அம்மாவே திருப்பிக் கூப்பிட்டாள். ஜோவானா போனை ஸ்பீக்கரில் போட்டு, நோட்டையும் பென்சிலையும் எடுத்துவைத்துக்கொண்டாள். டாக்டர் நிதானமாகச் சொன்னாள்: தோண்டுவது நல்ல அறிகுறி, முட்டையிட ஈரமான இடம் தேடுகிறது. ஈரப் பாசி நிரப்பிய டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள். தொந்தரவு செய்யாதீர்கள். நாளை மாலைக்குள் இடாவிட்டாலோ, சோர்ந்து கண் திறக்காமல் கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. உடம்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தவற்றுக்குத்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். கால்சியம் எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுக்கிறீர்கள்?

"எவ்ரி ஃபீடிங்" என்றாள் ஜோவானா பெருமையாக. "மை டாட் டஸ் இட்."

கிருபைராஜ் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தான். கிருபாராணி கிளம்பிய மறுநாள், பாலிதீன் பையில் வெட்டுக்கிளிகளைப் போட்டுப் பவுடரில் குலுக்கும்போது ஒன்று குதித்து அவன் பனியனுக்குள் போய்விட்டது. அன்று கராஜில் அவன் ஆடிய ஆட்டத்தை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பையைத் திறந்து அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு மூடிவிடுவான். நீச்சல் வகுப்பு முடிந்து வந்து ஜோவானா கேட்பாள், பவுடர் போட்டாயா என்று. போட்டேன் என்பான்.

"இல்ல டாக்டர்" என்று தமிழிலேயே தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறி, இரண்டு வாரமாகப் போடவில்லை என்று சொன்னான்.

ஜோவானாவின் பென்சில் நின்றது. டாக்டர் திட்டவில்லை. இரண்டு வாரம்தானே, அதற்கு முன் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் சமாளிக்கக்கூடும் என்றாள். போன் வைத்த பிறகு ஜோவானா ஷூவைப் போட்டுக்கொண்டாள். "வி நீட் மாஸ்" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டு.

கேட்டி ஃப்ரீவேயில் சனிக்கிழமைக் கூட்டம். வழக்கமாக ஏறியதும் அவள் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பாள். இன்று பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரியர்வியூ கண்ணாடியில் அவள் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. இரண்டு எக்சிட் கடந்த பிறகு கிருபைராஜ் சொன்னான்.

"டாடி பொய் சொல்லிட்டேன் மக்ளே. அந்தப் பூச்சிய பாத்தா எனக்குப் பயம். அதச் சொல்ல வெக்கம்."

பின்னாலிருந்து குரல் வந்தது. "யூ ஒர்க் ஆன் ஆயில் ரிக்ஸ்."

"அங்க எதுவும் சட்டைக்குள்ள குதிக்காதுல்ல."

சிரிக்கக் கூடாது என்று அவள் எவ்வளவோ முயன்றாள். மூக்கால் ஒரு சத்தம் வந்துவிட்டது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஸ்டில் மேட் அட் யூ" என்றாள். "கோவமாவே இரு. அது நியாயம்தான்" என்றான்.

செல்லப் பிராணிக் கடையில் பாசி வாங்கினார்கள். முட்டைகளுக்கென்று மின்சாரத்தில் சூடேறும் சின்னப் பாயும் தெர்மாமீட்டரும் அவளே எடுத்துக் கூடையில் போட்டாள். இன்னும் இடவே இல்லையே என்று அவன் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி, மூடியில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஓரத்தில் சொரசொரப்பு இல்லாமல் விரலால் தடவிப் பார்த்து, பாசியை நனைத்துப் பிழிந்து நிரப்பினார்கள். தொட்டிக்குள் வைத்ததும் முறுக்கு வந்து நாக்கால் ஓட்டையின் விளிம்பைத் தொட்டது. தலையை உள்ளே விட்டது. உடம்பு போனது. கடைசியில் அந்தக் கொழுத்த வால் மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. இருவரும் சத்தமில்லாமல் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. மறுபடி போனது, மறுபடி வந்தது. மதியம் முழுக்க அதே கதை. மாலையில் சூடான பக்கத்தில் தட்டையாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. ஜோவானா தொட்டியை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தான். தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாகர்கோவிலில் பொழுது விடிந்ததும் கிருபாராணி வீடியோவில் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கால்சியம் விஷயத்தை அவனே சொன்னான்.

"அதப் பெறகு பேசிக்கலாம். இப்ப நீங்க ரெண்டு பேரும் அங்க என்ன செய்யுதிய? இப்படி உத்து உத்துப் பாத்துட்டிருந்தா எவளுக்கு வலி வரும்? ஒரு துணியப் போட்டு மூடுங்க. மறைப்பு வேணும் அதுக்கு."

வார்டில் இருபது பேரை அதட்டும் குரல் அது. கிருபைராஜ் அவளுடைய பழைய காட்டன் துப்பட்டாவை எடுத்துவந்து தொட்டியை முழுக்க மூடினான். படுக்கப் போகும்முன் ஜோவானா ஜெபம் பண்ணச் சொன்னாள். பல்லிக்காக ஜெபமா என்று ஒரு கணம் கூசினான். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்க முறுக்குக்கு நல்லபடியா சுகப்பிரசவம் ஆகணும். என்னோட கவனக்குறைவ அது மேல போட்டுடாதேயும்" என்றான். ஆமென் என்று சொன்னது ஜோவானாதான்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அவன் எழுந்தபோது அவள் தன் அறை வாசலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமாகவோ. துப்பட்டாவை அவள் தொடவில்லை.

"ஐ வெய்ட்டட் ஃபார் யூ" என்றாள்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். முறுக்கு வெளியே இருந்தது, தலையை நிமிர்த்தி, கண்ணை அகலத் திறந்து. விலாவின் இருபக்கமும் குழிந்திருந்தது. வால்கூட ஒரு சுற்று இளைத்துவிட்டது. ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றிப் பாசி இறைந்து கிடந்தது. மூடியைக் கிருபைராஜ் திறந்தான். பாசியை விரலால் விலக்கினான்.

இரண்டு. வெள்ளை வெளேரென்று, நீளமாக, ஒன்றையொன்று ஒட்டி.

ஜோவானா கட்டிலில் ஏறிக் குதித்தாள். கிருபைராஜும் என்னவோ கத்தினான், என்ன கத்தினான் என்று பிறகு இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. முட்டைகளைத் திருப்பக் கூடாது என்று அவள் படித்துவைத்திருந்தாள். கிடந்தவாக்கிலேயே மேல்பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்தாள். ஓடு கோழிமுட்டைபோல இல்லை, தோல்போல மெத்தென்று இருந்தது. அவளே அவற்றை இரு விரலால் எடுத்து, கராஜில் கிடந்த தெர்மோகோல் பெட்டிக்குள் சூட்டுப் பாயின் மேல், ஈரப் பாசி டப்பாவில் அசையாமல் இறக்கினாள்.

பிறகு முறுக்குக்குப் பசிக்கும் என்றாள். அவன் பவுடர் பையை எடுத்தான். அவள் "ஐ கேன் டூ இட்" என்றாள். "இல்ல, நான் போடுறேன்" என்றான். குலுக்கினான். திறந்ததும் ஒரு வெட்டுக்கிளி, எதிர்பார்த்ததுபோலவே, மாவு பூசிய உடம்போடு அவன் முழங்கையில் வந்து குந்தியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மறு கையைக் குவித்து அதை மூடிப் பிடித்தான். உள்ளங்கையில் அது துடித்தது. தொட்டிக்குள் விட்டான். முறுக்கின் வால்நுனி சிலிர்த்து ஆடியது, ஒரே பாய்ச்சல். ஐந்து தின்றது. ஐந்தையும் ஜோவானா விரல்விட்டு எண்ணினாள். அன்று சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் முறுக்கைப் பரிசோதித்து, இளைப்பு மட்டும்தான், தேறிவிடும் என்றாள். முட்டைகளைப் பற்றி ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம், ஆண் துணை இல்லாமலும் இவை முட்டையிடும் என்றாள். ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் வைத்துப் பாருங்கள். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் ஒன்றுமில்லை, சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்ரீநிவாசனிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. "அப்ப அந்த இன்னொருத்தன் யாருடா?" என்றான்.

அந்த வாரம் முழுக்க ஜோவானா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்த்த கிருபைராஜ் ஆபீஸ் மீட்டிங் நடுவில் கேமராவை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தான். இருவரும் முட்டையைப் பற்றி ஒருவருக்கொருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு முட்டை லேசாகக் குழிந்தது போலிருந்தது. அதை அவன் சொல்லவில்லை. அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அவள் மூடியைச் சாத்திய விதத்தில் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மதியம், படுக்கையறையின் துணி அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவிடுக்கைத் துண்டால் அடைத்தான். கிருபாராணியின் புடவைகள் தலையில் இடித்தன. அவளை வீடியோவில் கூப்பிட்டு, ஐபேடை ஷூ அடுக்கில் சாய்த்து வைத்தார்கள். ஊரில் எல்லோரும் படுத்தாயிற்று போல, அவள் கிசுகிசுத்தாள்: "வெளிச்சத்தக் கொறைங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

கிருபைராஜ் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். ஜோவானா போன் டார்ச்சை முதல் முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தாள். குழிந்திருந்த முட்டை. அது விளக்குபோல ஒளிர்ந்தது. வெறும் மஞ்சள். ஒரு மூலை விடாமல் மஞ்சள். அவள் டார்ச்சை எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"சரி மக்ளே" என்றான் அவன். "அடுத்தத பாப்போம்."

"வாட் இஃப்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவன் தன் விரலை அவள் விரல்மேல் வைத்தான். இருவருமாக வெளிச்சத்தை நகர்த்தினார்கள்.

இரண்டாவது முட்டை முதலில் மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஜோவானா இன்னும் கிட்டே குனிந்தாள். பென்சில் புள்ளிக்குச் சற்றுக் கீழே, மிளகளவு ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அதிலிருந்து இரண்டு பக்கமும் தலைமுடியைவிட மெல்லிய சிவப்பு நூல்கள் கிளை பிரிந்து ஓடின. ஜோவானா டார்ச்சை மெல்ல அசைக்க அசைக்க, அந்த நூல்கள் வெளிச்சத்துக்குள் ஒளிந்தும் தெரிந்தும் அசைந்துகொண்டிருந்தன.