ஆபிக்கு டைம்

...அப்படியென்றால் இத்தனை வருடமும் சும்மாவா, சும்மாதான் தூக்கம் முழித்துக் கிடந்தோமா, மாடிவீட்டுத் தன்யா சொன்னது மட்டும் நிஜமாக இருந்தால்... நிஜமாகத்தான் இருக்கும், அவள் வீட்டுக்காரர் முரளிதரன் கரண்டு வேலையிலேயே ஊறிப்போனவர், அவருக்குத் தெரியாமலா, என்று நினைத்தபடி ஆபிதா வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். உள்ளே துணி ஏற்றியாகிவிட்டது, தன் கணவருடைய கடைச் சட்டைகள், மகள் ஹிஃப்ஸாவின் யூனிஃபார்ம், தலையணை உறைகள், சோப்புத்தூளும் போட்டாயிற்று, பட்டனை அமுக்குவதுதான் பாக்கி. மதிய லுஹர் தொழுது முடித்த நேரம், வெளியே சவுதியின் அல் கோபார் வெயில் பால்கனிக் கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போகிற அளவுக்கு அடிக்கிறது, இந்த வெயிலில் காயப்போட்டால் துணி நொடியில் அப்பளமாகிவிடும், ஆனாலும் இந்த வீட்டில் இதுநாள் வரை பகலில் மெஷின் ஓடியதில்லை, பகல் ரேட்டு கூடுதல், ராத்திரி ரேட்டு குறைவு, அதனால் துணி ராத்திரியில்தான், இது அவள் கணவர் சதக்கத்துல்லா போட்ட சட்டம். அதை மீறி இப்படி நிற்பதே நோன்பு நாளில் அடுக்களையில் ஒளிந்து தின்பது மாதிரி இருக்கிறது, வெறும் துணிக்குப் போய் இவ்வளவு பயமா?

காலையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஊருக்கு உபதேசம் செய்யப் போய் மூக்குடைபட்டு வந்தது அவள்தானே, கறிவேப்பிலை கேட்டு மாடிக்குப் போன இடத்தில் தன்யா வீட்டு மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, ஐயோ, சின்னப்பெண், விவரம் தெரியாமல் காசைக் கரியாக்குகிறாளே என்ற பாசத்தில்தான் சொன்னாள், "பகல்ல போடாதீங்க தன்யா, ஆபிக்கு டைம் வரட்டும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல போட்டா பில்லு நல்லா கொறையும்." தன்யா கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள். "என்னக்கா சொல்றீங்க, வீட்டுக்கெல்லாம் பகல் ரேட்டு, ராத்திரி ரேட்டுன்னு தனியா கிடையாதுக்கா. ஃபேக்டரி மாதிரி பெரிய எடத்துக்குத்தான் அதெல்லாம். நாம எப்பப் போட்டாலும் ஒண்ணுதான். வேணா அவருகிட்ட கேக்கட்டா?" வேண்டாம், வேண்டாம் என்று ஆபிதா பதறினாள், எதற்குப் பதறினாள், கேட்டால்தான் என்ன, உண்மை தெரிந்துவிட்டுப் போகட்டுமே... அதோடு விட்டாளா தன்யா, "அது என்னக்கா ஆபிக்கு டைம்?" என்று கேட்டாளே, அதற்கு என்ன பதில் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது, அடுப்பில் பால் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்த பிறகுதான் கறிவேப்பிலையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், கீழக்கரையிலிருந்து கொண்டுவந்த மருதாணிச் சிவப்பு கூட விரலில் போகாத நாள், பழைய ட்வின் டப் மெஷினில் துணி போடப் போனவளைத் தடுத்து அவர் சொன்னார், "இப்ப வேணாம், ஆஃபீக்கு டைம் வரட்டும்." முன்பு யான்பு ஊர் ஃபேக்டரியில் ஸ்டோர் வேலை பார்த்தபோது பொறுக்கிக்கொண்ட இங்கிலீஷ், அங்கே பெரிய மெஷின்களை எல்லாம் ராத்திரியில்தான் ஓட்டுவார்களாம், அப்போதுதான் கரண்டு மலிவாம், அந்த நேரத்துக்குப் பெயர் ஆஃப் பீக்காம், இதெல்லாம் ஆபிதாவுக்கு எப்படித் தெரியும், அவள் காதில் விழுந்தது ஆபிக்கு டைம். உம்மா வீட்டில் அவளை எல்லாரும் ஆபி என்றுதான் கூப்பிடுவார்கள், இருபது நாள் பழக்கத்தில் இந்த மனுசனுக்கு அந்தச் செல்லப்பேர் எப்படித் தெரிந்தது, தெரிந்ததோடு இல்லாமல் ஆபிக்கென்று ஒரு நேரமும் ஒதுக்கி வைத்திருக்கிறாரே என்று உருகிப்போய், தலை வாரி, கண்ணுக்குச் சுருமா எழுதி, நாத்தனார் கொடுத்த அத்தரைப் பூசி, பட்டுப்புடவையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு வந்தவர் அவளைத் தாண்டி நேராகப் போய் அழுக்குத் துணியை அள்ளித் தொட்டியில் போட்டார். அழுகையும் சிரிப்புமாக அவள் விஷயத்தைச் சொன்னபோது, வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற அந்தக் கல்லுளிமங்கன் சிரித்தாரே ஒரு சிரிப்பு, கடைவாய்ப்பல் ஒன்று இல்லாததே அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த ஓட்டைப்பல்லைப் பார்த்த நிமிடமே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அந்தச் சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது, ஹிஃப்ஸா சின்னவளாக இருந்தபோது எல்லா உம்மாக்களுக்கும் இப்படி ஒரு நேரம் உண்டு என்றே நம்பிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமே போய், மிஸ், உங்க டைம் எப்ப என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த நேரம்... சொல்லப்போனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள். பகலெல்லாம் அவர் பக்கத்து துக்பாவில் இருக்கிற மளிகைக்கடையில், இங்கே பக்காலா என்பார்கள், அங்கே கல்லாவில் நின்று யமனியோடு அரபி, பட்டானோடு உருது, கடைக் கூட்டாளி கோயா காக்காவோடு மலையாளம் என்று பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது சொந்தப் பேச்சு தீர்ந்துபோயிருக்கும், ம், சரி, சாப்பிட்டியா, இதற்கு மேல் பெயராது. மெஷின் ஓட ஆரம்பித்தால்தான் வாய் திறக்கும். அது போடுகிற சத்தத்தில் தான் பேசுவது யாருக்கும் கேட்காது என்ற தைரியமோ என்னவோ, ஸ்டூலில் உட்கார்ந்து பால் விடாத சுலைமானி டீயை ஊதி ஊதிக் குடித்தபடி எல்லாம் சொல்வார், கடன் சொன்னவன் கதை, கடைக்கு வருகிற பூனை குட்டி போட்டது, அவர் வாப்பா மௌத்தானபோது லீவு கிடைக்காமல் கடைசியாக முகம் பார்க்கக்கூட ஊருக்குப் போக முடியாதது. அதைச் சொன்ன ராத்திரியில் மெஷின் துணி பிழியும் சத்தம் உச்சத்துக்குப் போன நேரமாகப் பார்த்து அவர் அழுதார், சத்தம் நின்றதும் அழுகையையும் நிறுத்திக்கொண்டு, வா புள்ள, காயப்போடலாம் என்று எழுந்தார், பால்கனியில் அவர் உதறிக்கொடுக்க அவள் கிளிப் மாட்ட, சூடான காற்றில் ஈரத்துணி முகத்தில் படும்போது ஒரு குளிர்ச்சி வருமே, அது ஒன்று போதும் அவளுக்கு, அவள் அவர்மேல் வைத்திருக்கிற ஆசை முழுதும் அந்த ஈரத்துணி வாசனையோடு சேர்ந்ததுதான். இப்போது போய் வீட்டுக்கு ராத்திரி ரேட்டே கிடையாது என்று சொன்னால், கலாஸ், சட்டம் முடிந்தது, நாளையிலிருந்து பகலிலேயே துணி துவைத்தாகிவிடும், ராத்திரி அவர் வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார்.

படுக்கட்டுமே, அதுதானே வேண்டும், ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைத்தானே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ப்ரெஷர் ஏறிக் கிடக்கிறது, மாத்திரை பாதி வைத்தியம், தூக்கம் பாதி, சீக்கிரம் படுக்காவிட்டால் ஒருநாள் கல்லாவிலேயே சாய்ந்துவிடுவீர்கள் என்று. விடியற்காலை சுபுஹுக்கு எழுந்து கடை திறக்கிற மனுசன், பதினோரு மணிக்கு வந்து மெஷின் போட்டு, காயப்போட்டுப் படுத்தால் தூக்கம் எங்கே மிச்சம்? போன வாரம் ஸ்டூலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாரே. நீங்க படுங்க, நான் போட்டுக்குறேன் என்றால், அதெப்படி, நீ தனியா முழிச்சிருக்கவா என்பார். சீக்கிரம் கடையை விடு சதக், நான் பார்த்துக்குறேன் என்று கோயா காக்காவும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். ஆகவே பட்டனை அமுக்கு ஆபிதா, துணியைத் துவைத்துவிட்டால் அவர் தூங்கித்தானே ஆக வேண்டும், உன் ஒரு மணி நேரம் பெரிதா, அவர் உயிர் பெரிதா... விரலை நீட்டியபோதுதான் அந்தக் கறுப்பு டேப் கண்ணில் பட்டது. புது ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கிய அன்று கடைக்காரர் கடிகாரப் படம் போட்ட ஒரு பட்டனைக் காட்டினார், இதை அமுக்கிவிட்டால் நீங்கள் தூங்கினாலும் மெஷின் சொன்ன நேரத்துக்குத் தானாக ஓடும் என்று. இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதன்மேல் டேப் ஒட்டினார், புள்ள கை பட்டுக் கெட்டுப்போயிரும் என்றார். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத சிக்கனக்காரர், காசு கொடுத்து வாங்கிய மெஷினில் ஒரு பட்டனை எதற்கு மூடி வைத்தார்? கரண்டு பில்லும் அவர்தானே மாதாமாதம் போனில் கட்டுகிறார், அதில் ரேட்டு போட்டிருக்காதா? சே, அவருக்கு எங்கே அதெல்லாம் பார்க்க நேரம், யான்புவில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு... இல்லை, பத்து பைசா கூடினாலும் சப்ளையரைப் பிடித்து உலுக்குகிறவர்... டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினாள், மறுபடி அழுத்தி ஒட்டினாள்.

"உம்மா, வாட் ஆர் யூ டூயிங்? இது ஆபிக்கு டைம் இல்லையே!" ஹிஃப்ஸா கதவில் சாய்ந்து நின்றாள், ஒரு காதில் இயர்போன், கையில் ஆபிதாவின் போன். "வாப்பா ஆன் தி லைன்." திருடி மாதிரி மெஷின் மூடியைப் படக்கென்று சாத்திவிட்டுப் போனை வாங்கினாள். மாத்திரை போட்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டாராம், போட்டுட்டேன், ம், சாப்பிட்டியா, ம். பின்னால் கடைச் சத்தம். சொல்லிவிடலாமா, ரேட்டே இல்லையாம் மச்சான் என்று ஒரே வரியில்... சொன்னால் அந்த மனுசன் முகம் எப்படிப் போகும், இத்தனை நாள் ஏமாந்தோமே என்று சுருங்கிப்போகுமே... இல்லாத ரேட்டு என்றால் அதற்கு நேரம் மட்டும் எங்கிருந்து வந்தது, அவர் வைத்த நேரம்தானே, அதை அவள் மாற்றி வைத்தால் யார் கேட்பார்கள்? நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "மச்சான், கரண்டு ரேட்டு நேரத்த மாத்திட்டாங்களாம். இனிமே பதினோரு மணி வரைக்கும் காத்துக்கெடக்க வேணாமாம், இஷா தொழுகை முடிஞ்ச கையோட, எட்டரைக்கே ஆரம்பிச்சிருதாம்."

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், இவள் புளுகு எட்டு நொடி தாங்குமா? "யாரு சொன்னா?" என்று கேட்டார். "மாடிவீட்டு முரளிதரன் சார்." அல்லாவே, அந்த நல்ல மனுசனையும் பொய்யில் இழுத்தாயிற்று. யாரோ ஓர் ஆள் கல்லாவில் எதையோ வைத்து, "சதீக், கம் ஹாதா?" என்று விலை கேட்கிறார், இவர் அதைக் கவனிக்காமல், "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப ஆபிக்கு டைமு இனிமே இஷாவோட. கடைய கோயா காக்காகிட்ட விட்டுட்டு வந்துர்றேன் புள்ள. நீ துணியத் தொட்டுராத, நான் வந்து போடுறேன்" என்றார். அந்தச் சொல்லை எப்படிச் சொன்னார், யான்பு ஃபேக்டரி இங்கிலீஷ் மாதிரியா, உம்மா வீட்டில் கூப்பிடுகிற மாதிரியா, காதுக்குப் பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டு ஆபிதா மெஷின் பக்கத்தில் ஸ்டூலை எடுத்துவிட்டு வேறு நாற்காலியைப் போட்டாள், முதுகு சாய்கிற நாற்காலி, இனிமேல் அவர் இதில்தான் உட்கார வேண்டும், புதினா இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் திறந்தாள், திறந்தவள் அப்படியே நின்றாள்... ஒரு கட்டு புதினாவுக்கும் விலை கேட்காமல் வாங்கத் தெரியாத மனுசன், ரேட்டு நேரம் மாறிவிட்டது என்றேனே, ரேட்டு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அப்படியென்றால் அவருக்கு முன்னமே...